மாதா காலடியில் வைத்த கூட்ஸ் பெட்டி

ஒவ்வொரு தபசுகாலத்திலும், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள்களில், இதை எழுதிவிட வேண்டும் என்று உட்காருவேன். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் எழுந்து போய்விடுவேன். பல வருடம் இப்படியே கழிந்தது. எனக்கு எழுதத் தெரியாது என்பது ஒரு காரணம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழைப்பு, தோணிகளில் பெயர் எழுதுவது. ஒரு பெயர், அதன் கீழே ஊர், மேலே ஒரு சிலுவை. அதைவிட நீளமாக எதையும் எழுதியதில்லை.

இன்னொரு காரணம், என் தங்கச்சி புருஷன் உயிரோடு இருந்தார். அடிபட்டுக் கிடந்த அவர் எழுந்து நடக்கவில்லை என்று நான் எழுதி வைத்து, அதைப் படித்த யாராவது என் தங்கையிடம் வந்து, நீ முந்திக்கொண்டு நேர்ச்சைக் காணிக்கையைக் கொடுத்ததால்தான் மாதா கைவிட்டாள் என்று இன்னொரு தடவை சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். இப்போது அவர் சர்வேசுரனிடம் போய்விட்டார். அவர் நடந்தார் என்றே ஊர் இன்னும் பேசுகிறது. இனியும் நான் பேசாமல் இருந்தால் அது சரியில்லை.

புதுத் துறைமுகத்து வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தங்கச்சி புருஷனான என் மச்சான் தோணிக்காரக் குடும்பம். அப்பா, பெரியப்பா எல்லாரும் கொழும்புக்குப் போய்வந்தவர்கள். ஆனால் இவர் தோணியில் கால் வைத்தால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். எத்தனையோ எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தும் பலிக்கவில்லை. கடைசியில் உப்பு ஏற்றுகிற ரயில்வே சைடிங்கில், அந்தப் பக்கத் தண்டவாளத்தில், கூட்ஸ் பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டிவிடுகிற வேலைக்குப் போனார். அங்கேயும் கடல் அவரை விடவில்லை. சட்டைப் பையில் ஒரு சாக்குக்கட்டி வைத்திருப்பார். மாட்டிவிடுகிற பெட்டியில் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்னத் தோணி வரைந்துவிடுவார். கீழே ஒரு வளைவு, மேலே ஒரு பாய். அவ்வளவுதான்.

"எதுக்கு மாப்ள இந்த வேண்டாத வேல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நமக்குத்தான் கடல்ல இடமில்ல மச்சான். இதையாவது ரயில் ஏத்தி விடுவோம். கடலையே பாக்காத ஊருக்காரன் பாக்கட்டுமே" என்றார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை நேரம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அவர் நின்றிருந்தபோது பின்னால் இருந்த பெட்டி நகர்ந்துவிட்டது. யார்மேலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மழை, வழுக்கல், தண்டவாளம் லேசாகச் சரிந்திருந்த இடம். இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியில் அவர் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சலில் புலம்பிக்கொண்டு கிடந்தார்.

என் தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று, எல்லாரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "மாதாவே, அவிய எந்திரிச்சு நடந்துட்டா, அந்தப் பெட்டியையே செஞ்சு ஒன் காலடியில கொண்டுவந்து வைக்கேன்."

எங்கள் கரையில் இது புதிதில்லை. கால் சுகமானால் வெள்ளியில் கால் அடித்து வைப்பார்கள். புயலில் தப்பித்தவர்கள் மரத்தில் சின்னத் தோணி செய்து வைப்பார்கள். ஆனால் கூட்ஸ் பெட்டியை யாரும் வைத்ததில்லை.

"ரெண்டு வெள்ளிக்கால் வைக்கேன்னு சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் என் மனைவி.

"வாயில வந்துட்டு மைனி. மாதா கேட்டுட்டா. இனி மாத்திப் பேச முடியுமா?" என்றாள் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான் செய்யணும். அச்சு அசலா அதே பெட்டியா இருக்கணும். அவிய எந்திரிக்கும்போது அது தயாரா இருக்கணும்."

நான் டாக்டரா, மருந்து கொடுப்பதற்கு? பணக்காரனா, வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு? அந்த வராந்தாவில் என்னால் ஆகக்கூடியது அந்த ஒன்றுதான். சரி என்றேன்.

தோணி வேலையில் மிஞ்சிய பலகைத் துண்டும் பால்பவுடர் டின் தகரமும் வைத்து, ஒரு முழ நீளத்தில் பெட்டி செய்தேன். கதவு இழுத்தால் நகரும். செங்காவி நிறம் அடித்து, ரயில்வே நம்பரைத் தோணிப் பெயர் எழுதுவதுபோல் நிறுத்தி எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் துணி எடுக்க வந்த தங்கையிடம் காட்டினேன்.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இது கடையில விக்க பொம்மைல்லாண்ணே. அந்தப் பெட்டி இப்படியா இருந்துச்சு? துருவும் அழுக்குமா, கண்டவன் கிறுக்குனதும் கரி பூசுனதுமாத்தான இருந்துச்சு? மாதா வேற ஏதோ பெட்டின்னு நெனச்சுட்டா?"

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் செய்ய முடியாதவளுக்கு இதையாவது பிசகில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற வெறி. எனக்கும் அதேதான்.

நல்ல காலம், விசாரணைக்காக அந்தப் பெட்டியைச் சைடிங் ஓரத்தில் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பழைய காலண்டர் தாள்களையும் ஆசாரிப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனேன். அதுவரை ஆயிரம் கூட்ஸ் பெட்டிகளைப் பார்த்திருப்பேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அன்று படித்தேன். 'உப்பு', 'நனையக் கூடாது' என்று பெரிய எழுத்து. ஏதோ ஒரு ஊரில் யாரோ தாரில் எழுதிய தெலுங்கோ கன்னடமோ. அம்பு குத்திய இதயம். அழிக்கப்பட்டு மறுபடியும் எழுதப்பட்ட ஓட்டுச் சின்னம். கதவுக்குக் கீழே, எங்கள் ஊர்க் கையெழுத்தில், 'மேஸ்திரி மூஞ்சி பேத்தை'. பேத்தை என்றால் தொட்டவுடன் வயிறு ஊதிக்கொள்கிற மீன்.

மச்சானுடைய தோணியைத் தேடினேன். இரண்டு பக்கத்துக் கதவிலும் இல்லை. பெட்டியின் தலைப்பக்கச் சுவரில், அடிபட்ட அந்த இடத்தில், மழையில் பாதி கரைந்த ஒரே ஒரு வளைகோடு மட்டும் இருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து இன்னொரு கோடு வழுக்கிக்கொண்டு கீழே போயிருந்தது. உரசல் கோடு என்று நினைத்தேன். என்னவாக இருந்தால் என்ன, இருப்பது எல்லாம் வேண்டும் என்று அதையும் வரைந்துகொண்டேன். நாலைந்து நாளில் அந்தப் பெட்டி உப்போடு போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் என் பாடு. எழுத்தை நேராக, ஒரே அளவில், நடுவில் நிறுத்தி எழுதிப் பழகிய கை இது. கிறுக்குகிறவன் அப்படி எழுதமாட்டான். முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுவான், போகப் போகப் பலகை தீர்ந்துவிடும், கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் கீழே தொங்கவிடுவான். பெரிய பெட்டியில் எழுதுகிறவனுக்குத் தோள்பட்டையிலிருந்து கை வரும். முழ நீளப் பெட்டியில் விரல் மட்டும்தான் அசையும். நான் மணிக்கட்டில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கையை அசைத்து எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் கொஞ்சம் அந்தக் கோணல் வந்தது.

சாக்குக்கட்டியால் அவ்வளவு பொடியாக எழுத முடியாது. அதைப் பொடித்து, வேலம்பிசின் தண்ணீரில் குழைத்து, அணில் முடி பிரஷ்ஷில் நாலு முடி மட்டும் விட்டு எழுதினேன். காய்ந்ததும் மினுங்கியது. சாக்குக்கட்டி எழுத்து மினுங்காது. கட்டைவிரலால் தேய்த்து மினுக்கத்தை எடுத்தேன். பழைய எழுத்தை முதலில் எழுதி, அதன்மேல் செங்காவியைத் தண்ணியாக ஒரு பூச்சு கொடுத்து, அதற்குமேல் புது எழுத்தை எழுத வேண்டும். ஈரத்துணியை மேலிருந்து கீழே இழுத்தால் மழை கரைத்த மாதிரி வரும். ஆணிகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட துருநீரை ஈர்க்குச்சியால் தொட்டு, தகரம் சேரும் இடமெல்லாம் வைத்தேன். வாசிக்கத் தெரியாத மொழியைப் படம்போல வரைந்தேன். கெட்ட வார்த்தையாக இருந்தால் மன்னித்துக்கொள் தாயே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

மச்சானோடு வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் என் கொட்டகைக்கு வந்தார். பெட்டியைக் கண்டதும் அசந்து நின்றவர், கதவுக்குக் கீழே பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, பேத்தைய மட்டும் எடுத்துருங்க. நான் எழுதுனதுதான். மேஸ்திரி ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்கு வாராரு. மாதா காலடியில அவரு மூஞ்சிய அவரே வாசிச்சாருன்னா, திங்கக்கெழம எனக்கு வேல இருக்காது."

"ஏலே, பெரிய பெட்டியில எழுதும்போது ஒனக்கு இந்தப் பயமெல்லாம் எங்க போச்சு?"

"அது ஊரவிட்டுப் போயிரும்லா அண்ணாச்சி. இது இங்கனயே கெடக்குமே!"

பங்குச் சாமியாரிடம் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பேத்தையக் கொண்டு மாதா சுரூபத்துக்கு முன்னால வைக்கச் சொல்லுதியா? அழிச்சிட்டுக் கொண்டு வா."

"அழிச்சா அது அந்தப் பெட்டி இல்ல சாமி" என்றாள் தங்கை. "மாதாவுக்குத் தெரியாத கெட்ட வார்த்தையா? இதைவிட மோசமா நாங்க தெனம் பேசுததக் கேக்காதவளா?"

சாமியார் என்னைப் பார்த்தார். நான் அந்த எழுத்தின்மேல் உப்புப் பூத்த மாதிரி சுண்ணாம்பும் பிசினும் கலந்து அப்பினேன். உள்ளே எழுத்து இருக்கிறது, வெளியே தெரியாது. தங்கைக்கும் சம்மதம், சாமியாருக்கும் சம்மதம். பேத்தை எழுதிய கூட்டாளிக்குத்தான் கடைசிவரை அந்த உப்பு உதிர்ந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை.

பெட்டி தயாராகிவிட்டது. மச்சான் எழுந்திருக்கவில்லை.

மாதங்கள் கழிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் பலகையில் நாலு சக்கரம் வைத்துக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்து, கைகளைத் தரையில் ஊன்றித் தள்ளிப் போவார். பெட்டியைப் பற்றி அவரிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அது என் வீட்டு அலமாரிமேல் துணி மூடிக் கிடந்தது. தங்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அடுத்த வருடம் மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் வந்தவள், துணியோடு பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏளா, எங்க கொண்டு போற? அவரு இன்னும் நடக்கலியே."

"நடந்தாத் தாரேன்னு சொன்னேன்லா, மீன் ஏலத்துல நின்னு பேரம் பேசுன மாதிரி ஆயிட்டுண்ணே. தாய்கிட்ட யாராவது பேரம் பேசுவாகளா? குடுத்துட்டுக் கேக்கேன்."

கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா காலடியில் வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்தில், கேட்டது கிடைக்குமுன் நேர்ச்சை கொடுப்பது எங்கேயாவது உண்டா என்று பேசினார்கள். அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

திருவிழா நாளில் கூட்டாளிகள் மச்சானை நாற்காலியோடு கோயிலுக்குத் தூக்கி வந்தார்கள். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வெள்ளிக் கால்களுக்கும் சின்னத் தோணிகளுக்கும் நடுவே அந்தப் பெட்டி இருந்தது. அவர் அதையே பார்த்தார். தங்கை விஷயத்தைச் சொன்னாள். சாமியார் தாமே அதை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

மச்சான் விரலால் தடவிக்கொண்டே வந்தார். கதவுக்குக் கீழே உப்பைச் சுரண்டிப் பார்த்தார். "பேத்தை உள்ள கெடக்காரே!" என்று சிரித்தார். அதை எழுதிய கூட்டாளி அவசரமாகச் சுற்றிலும் பார்த்தார். அடிபட்ட நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை.

பிறகு தலைப்பக்கச் சுவரைத் திருப்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மச்சான், இந்தக் கோட்ட எதுக்குப் போட்டிய?"

"அதுல இருந்துச்சு மாப்ள. என்னன்னு தெரியல. இருந்ததால போட்டேன்."

"இது என் தோணி" என்றார். "கதவெல்லாம் மழையில நனைஞ்சிருந்துச்சு, சாக்குக்கட்டி பிடிக்கல. தலப்பக்கம் காஞ்சிருந்துச்சு. அடிய வளைச்சுப் போட்டேன். பாய் போடதுக்குள்ள வண்டி நகண்டுட்டு." வழுக்கிக்கொண்டு இறங்கிய கோட்டின்மேல் விரலை வைத்தார். "இந்த வாலு... இது என் கை."

நான் அந்தக் கோட்டை எத்தனை முறை வரைந்து அழித்து வரைந்திருப்பேன்! வழுக்கல் சரியாக வரவில்லை என்று எவ்வளவு மெனக்கெட்டேன்! எதை வரைகிறேன் என்று தெரிந்திருந்தால் என் கை எழும்பியிருக்காது.

தங்கை சாமியார் பையிலிருந்த பென்சிலை வாங்கி அவர் கையில் திணித்தாள். "இப்பப் பாயப் போட்டுருங்க. மாதா முன்னால போட்டு முடிச்சிருங்க."

அவர் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். "நின்னுகிட்டு ஆரம்பிச்சதுளா. நின்னுகிட்டே முடிக்கேன்."

அவர் நிற்கவில்லை. பூசைகள், நவநாள் ஜெபங்கள், எண்ணெய் வைத்தியம், எல்லாம் செய்தோம். என் ஜெபத்தில் குறையா, மாதாவின் சித்தமா, எனக்குத் தெரியாது. அதைப் பேச நான் யார்?

இதற்கிடையில் கோயிலில் வேறொன்று நடந்தது. கிறுக்கல் நிறைந்த பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தாங்களும் எழுதலாம் என்று தோன்றிவிட்டது போலும். பென்சிலாலும் கரித்துண்டாலும் எழுத ஆரம்பித்தார்கள். 'என் மகனுக்குக் கப்பல் வேலை கிடைக்கணும்.' 'இவர் குடியை விடணும் தாயே.' 'வேம்பார் ஊருக்கே நான் வாக்கப்படணும்.' பெட்டியின் கூரையில்கூட இடமில்லை. நான் நாலு முடி பிரஷ்ஷில் எழுதியதெல்லாம் அடியில் போய்விட்டது. சாமியாரிடம் முறையிட்டேன்.

"எழுதாதீங்கன்னு தட்டி எழுதி வைக்கட்டுமா? அதுமேலயும் எழுதுவாக" என்றார். "ஆரம்பிச்சு வச்சது நீருதானய்யா!"

என்ன சொல்வது? நான் போலியாக எழுதியது மறைந்து, மனிதர்கள் நிஜமாக எழுதியது மேலே நின்றது. அழிக்க எனக்கு என்ன உரிமை?

ஒரு நாள் தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. பாய் போட்டது நீங்களா?"

கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வளைகோட்டின்மேல் யாரோ ஒரு பாய் வரைந்திருந்தார்கள். வெள்ளைச் சாக்குக்கட்டியால், அழுத்தமாக. நான் இல்லை என்று மாதா முன்னால் கைவைத்துச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஆம் என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாயிருப்பாள்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் ஒரு தாளில் அதேபோல் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கடலுக்கே போவாத யாரோ கரைக்காரன் போட்டிருக்கான் மச்சான். அணியம், முன்பக்கம், இந்தா இங்கன தூக்கி இருக்கு. பாயி பின்பக்கமா உப்பி நிக்கி. காத்து எதுத்து அடிக்கி. இந்தத் தோணி பின்னாலதான் போகும்."

"ஈரத்துணியால தொடச்சிரட்டுமா?"

"வேண்டாம். எனக்காவத்தான் போட்டிருக்கான், பாவம். தெரியாமப் போட்டிருக்கான். கெடக்கட்டும்."

கிடந்தது. பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. நின்றுகொண்டுதான் பாய் போடுவேன் என்று அவர் சொன்னது ஊருக்கெல்லாம் தெரியும். பாய் இருக்கிறது, ஆகவே அவர் நின்றிருக்கிறார் என்றார்கள். அப்புறம், யாரும் பார்க்காதபோது கோயிலுக்கு நடந்துபோய் வரைந்துவிட்டு வந்தார் என்றார்கள். முத்தையாபுரத்திலிருந்தும் மாப்பிள்ளையூரணியிலிருந்தும் ஆட்கள், நடந்தவரைப் பார்க்க வந்தார்கள். வாசலில் சக்கரப் பலகையில் உட்கார்ந்திருப்பவரிடமே, நடந்தவர் வீடு எது என்று கேட்டார்கள்.

ஒரு பெண் கால் சூம்பிய குழந்தையைக் கொண்டுவந்து, அவர் மடியில் வைத்துவிட்டாள்.

"தாயி, நான் ஒண்ணும் நடக்கல. இந்தா பாரு, பலகையிலதான இருக்கேன்" என்றார்.

"பெரியவிய அப்படித்தான் சொல்லுவிய. கைய மட்டும் வச்சு விடுங்க" என்றாள் அவள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். மூன்று பேரிடமும் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் அந்தப் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தார். பிள்ளை அவர் சட்டைப் பையில் கைவிட்டு, உள்ளேயிருந்த சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டது. அவர் அதைத் திரும்ப வாங்கவில்லை. அந்தப் பிள்ளை என்னவாயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

அவர் போய்ச் சேர்ந்தது காய்ச்சலில். பெட்டி இன்னும் கோயிலில்தான் இருக்கிறது. உப்பு உதிர்ந்து பேத்தை லேசாகத் தெரிகிறதாம். மேஸ்திரியும் இப்போது இல்லை. தங்கை இன்னும் சனிக்கிழமை தவறாமல் போய் அதன் தூசியைத் தட்டுகிறாள். எழுத்து அழியாமல் தட்டுகிறாள்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு வேண்டுதல். அந்தப் பெட்டிமேல் ஆளுக்கு ஒரு வரி சேர்த்த மாதிரி இதன்மேல் எதையும் சேர்த்துவிடாதீர்கள். அவர் நடக்கவில்லை. என் தங்கை பேரம் பேசாமல் கொடுத்தாள். தோணியின் அடி அவர் போட்டது. பாய் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையும் விடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.